நக்கலக்கா அழுத ஒன்றரை நிமிடம்

அந்த ஒன்றரை நிமிடக் காட்சியை யாராவது பாராட்டிப் பேசினால் கேமராக்காரிக்கு முதலில் காது மடல் சூடாகும். பிறகு கழுத்து. எவ்வளவு அடக்கமான பெண், புகழ்ந்தால் கூச்சப்படுகிறாள் என்று எதிரே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அடக்கமாவது ஒன்றாவது. உள்ளுக்குள் அவள் கூனிக் குறுகிப் போயிருப்பாள். அப்படியே மூன்று வருஷம் ஓட்டினாள்.

கேமராக்காரி என்பது கடைத்தெரு வைத்த பெயர். அவளுடைய அப்பா அங்கே ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் அளவுப் படம்தான் பிரதான வேலை. ஒரு ஸ்டூல், ஒரு நீலத் திரை, கயிற்றில் சீப்பைக் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் அந்தத் திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். படம் எடுக்கிற நொடியில் விறைத்துப்போகிற முகங்கள், எடுத்து முடித்ததும் அப்பாடா என்று தளர்வதை ஒரு பக்கமாக எட்டிப் பார்ப்பாள். அப்பா எடுப்பது எப்போதும் விறைத்த முகத்தை. தளர்ந்த முகத்தை ஏன் எடுப்பதில்லை என்று அவளுக்குத் தோன்றும். பெரியவளானதும் தான் செய்ய வேண்டிய வேலை அதுதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

முதலில் கல்யாண வீடியோ, பள்ளி ஆண்டு விழா என்று ஓடினாள். இருபத்தெட்டு வயதில் சொந்தமாக ஒரு படம் எடுத்தாள். சாலையில் வெள்ளைக் கோடு போடுகிறவர்களைப் பற்றியது. நாலு மாதம் வெயிலில் அவர்கள் பின்னாலேயே அலைந்து முகமெல்லாம் கறுத்துப்போய் வந்தவளைப் பார்த்து அம்மா கேட்டாள், "ரோட்ல கோடு போடுறதை ரோட்ல போய் நின்னாலே பாத்துக்கலாமே. அதுக்கு எதுக்குடி படம்?"

ஆனாலும் அவள் அடுத்த படத்தை எடுத்தாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பற்றி. அந்த வட்டாரத்தில் அவர்கள் பேசும் மொழியில் ஆவணப்படம் எடுப்பவர்கள் மொத்தம் ஆறேழு பேர்தான். அதில் பெண் இவள் ஒருத்தி. கேமராவும் அவளே, ஒலிப்பதிவும் அவளே, வெட்டி ஒட்டுவதும் அவளே. நூலகத்து மாடியில் மாதம் ஒருமுறை கூடும் திரைப்படக் கழகத்தில் படத்தைப் போட்டபோது இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர்கள்.

மூன்றாவது படம் பல்பு தொழிற்சாலை. ஊருக்கே வெளிச்சம் கொடுத்த தொழிற்சாலை, புது வகை விளக்குகள் வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்றோ நாளையோ மூடிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மேனேஜரைக் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, ஏழு மாதம் அங்கேயே கிடந்தாள்.

பரிசோதனைக் கூடத்தில்தான் பெண்கள் அதிகம். நீளமான மேசை, அதில் வரிசைக்குப் பத்தாக நாற்பது ஹோல்டர்கள். பல்புகளை மாட்டிவிட்டுக் காலடியில் இருக்கும் கட்டையை மிதித்தால் நாற்பதும் ஒன்றாக எரியும். எரியாததைப் பிடுங்கிப் பெட்டியில் போட வேண்டும். மறுபடி மாட்டு, மிதி, பிடுங்கு. ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் தடவை கண்ணில் வெளிச்சம் அறையும். வீட்டுக்குப் போன பிறகும் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் மிதக்கும்.

"எங்க வீட்ல லைட்டே போடுறதில்ல தங்கச்சி. கண்ணை மூடிக்கிட்டா போதும், பளிச்சுன்னு இருக்கும்" என்றாள் இரண்டாவது மேசைக்காரி, முதல் நாளே.

அவள்தான் நக்கலக்கா. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷம் அதே மேசை. அவள் வாயில் விழாத ஆளே அந்தத் தொழிற்சாலையில் கிடையாது. வழுக்கைத் தலை சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றால், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எது எரியுது எது எரியலன்னு தெரிய மாட்டேங்குது" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே தள்ளி நிற்பார். சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் காலரில் மைக்கை மாட்டிவிடப்போன கேமராக்காரியிடம், "இடது பக்கமா எடு. வலது பக்கம் என் வீட்டுக்காரர் இருபது வருஷம் பாத்துப் பாத்து தேஞ்சுபோச்சு" என்றாள். அந்த வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷம்தான் இறந்திருந்தார். அதையும் அவளேதான் சொன்னாள், அதே மூச்சில், அடுத்த பல்பை மாட்டிக்கொண்டே.

வேலை முடிந்தது என்ற கடிதம் வந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மேசைக்குத் திரும்பியிருந்தார்கள். மேனேஜர் கையில் ஒரு கட்டு உறைகளோடு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் உறையை வைத்துவிட்டு மேசைக் கோடியில் போய் நின்றார். கேமராக்காரி இரண்டாவது மேசைக்கு ஓடினாள். ஓட்டத்தில் காதில் இருந்த ஹெட்போன் நழுவிக் கழுத்தில் விழுந்தது. அதைத் தூக்கி மாட்ட நேரமில்லை. கேமரா நக்கலக்காவின் முகத்தில் நின்றது.

நக்கலக்கா உறையின் ஓரத்தைக் கிழித்தாள். படித்தாள். தலையை நிமிர்த்தி மேனேஜரைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவ்வளவுதான். முதலில் பக்கத்து நாற்காலிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எதிர் வரிசை. பிறகு கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி மேசையில் தலையைச் சாய்த்துத் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மேனேஜருக்கே உதடு துடித்தது. வேலை போன முப்பத்தொரு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்த நாலு நிமிடமும் படமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் சத்தம் இல்லை. காலர் மைக்கின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கேமராவோ அந்த மைக்கிலிருந்து மட்டும் ஒலி எடுக்கிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது. முன்னும் பின்னும் ஓட்டினாள். வாய்கள் அசைந்தன. ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த கேமராவும் கூடத்துக் கூச்சலும் அவள் கவனத்தை முழுக்கத் தின்றிருந்ததால் அந்தப் பேச்சும் அவள் மனதில் நிற்கவில்லை.

தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த வருத்தத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஒரு நிம்மதி. ஏழு மாதமாக அவள் மனதில் கட்டி வைத்திருந்த படத்தின் முடிவு இதல்ல. மூடப்படுகிற தொழிற்சாலை, கடிதம், ஒரு பெண்ணின் கண்ணீர். அதுதான் முடிவு. சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? சத்தம் பதிவாகாததால் அந்தச் சிரிப்பைத் தூக்கிப் போடுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. அந்த நிம்மதியைத்தான் பின்னால் எந்த மேடையிலும் அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

மாதக் கடைசி வரை வேலை இருந்ததால் மறுநாளும் தொழிற்சாலைக்கு வந்திருந்த நக்கலக்காவிடம் போனாள்.

"அக்கா, நேத்து சத்தம் விழல. இன்னொரு முறை படிக்கிறீங்களா?"

"எதை? லெட்டரையா? அதுல நேத்து இருந்ததுதானே இன்னிக்கும் இருக்கும்?"

"ஆமாக்கா. இப்பதான் முதல் தடவை பிரிக்கிற மாதிரி."

"அழணுமா?" என்று நேரடியாகக் கேட்டாள் நக்கலக்கா.

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லக்கா. என்ன தோணுதோ அப்படி."

கடிதத்தைத் திரும்ப உறைக்குள் வைக்கச் சொல்லி, தனியாக ஜன்னலோரம் உட்காரவைத்தாள். முதல் முறை நக்கலக்கா படித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். இரண்டாம் முறை, கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக் காட்டினாள். கேமராக்காரி சிரிக்கவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில் சொன்னாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் என்ன சொல்லியிருப்பாரு?"

நக்கலக்கா கேமராவைப் பார்க்கவில்லை. கடிதத்தையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. சத்தமே இல்லாமல் கண்ணீர் வழிந்து தாடையில் சேர்ந்து கடிதத்தின் மேல் சொட்டியது. ஒன்றரை நிமிடம். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"சரியா வந்துச்சா?"

"ரொம்ப நல்லா வந்துச்சுக்கா" என்றாள் கேமராக்காரி.

படம் வெளியே வந்ததும் அந்த ஒன்றரை நிமிடம் எல்லாக் கதவுகளையும் திறந்தது. பெரிய நகரத்து விழாவில் பரிசு கிடைத்தது. கடல் தாண்டி நாலு நாடுகளில் காட்டினார்கள். பத்திரிகைகளில் அவளுடைய புகைப்படத்துக்குப் பக்கத்தில் நக்கலக்கா அழுகிற முகம். ஒரு கல்லூரியில் வாரம் ஒருநாள் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான்: அந்தத் தருணத்தை எப்படிப் பிடித்தீர்கள்? அவளும் ஒரே பதிலைச் சொன்னாள். "நான் ஒண்ணும் பண்ணல. அங்கே இருந்தேன். அவ்வளவுதான்." முதல் தடவை சொல்லும்போது நாக்கு குழறியது. பத்தாவது தடவை சரளமாக வந்தது. மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதைப் பார்த்தபோது காது மடல் சுட்டது.

நக்கலக்காவை அவள் போய்ப் பார்க்கவில்லை. வேலை இருந்தது, பயணம் இருந்தது. காரணத்துக்கா பஞ்சம்?

மூன்றாவது வருஷம் நூலகத்து மாடியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். இந்த முறை இருபத்திரண்டு பேர் இல்லை, மாடிப்படி வரை கூட்டம். திரைப்படக் கழகத்தார் நக்கலக்காவையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் அவளுடைய மகள், மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். படம் முடிந்தது, கைதட்டல், கேள்வி நேரம். பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார்.

"நான் ரிட்டயர்டு தபால்காரன்மா. கண்ணு முதல்ல கவருக்குத்தான் போகும், ஆளுக்கு அப்புறம்தான் போகும். அந்தம்மா கவரைக் கையில எடுக்கும்போதே ஓரம் கிழிஞ்சிருக்கே? இப்பதானே முதல் தடவையாப் பிரிக்கிறாங்க?"

ஒரு தப்பும் நினைத்துக் கேட்கவில்லை அவர். சாதாரணமாகக் கேட்டார். கேமராக்காரியின் கையில் மைக் இருந்தது. வாயருகே கொண்டுபோனாள். வார்த்தை வரவில்லை. நூறு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நக்கலக்கா எழுந்து நின்றாள்.

"நான்தான்யா கிழிச்சேன். மேனேஜர் குடுத்ததும் ஓரத்தைக் கிழிச்சேன். உள்ளே பாக்கப் பயமா இருந்துச்சு. அப்படியே மூடி வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கமாப் போய் உக்காந்துதான் எடுத்துப் படிச்சேன். அப்ப இந்தப் பொண்ணு எடுத்துச்சு."

அரங்கம் 'உச்' கொட்டியது. பிறகு கைதட்டியது. தபால்காரர் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார்ந்தார். கேமராக்காரிக்குத் தன் கையில் இருந்த மைக்கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருந்தவளுக்கு இப்போது இன்னொருத்தி தோள் கொடுத்துவிட்டாள். யாருக்குத் தீங்கு செய்தாளோ அவளே.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படியில் நக்கலக்காவைப் பிடித்தாள். மகள் கீழே போய்விட்டிருந்தாள்.

"அக்கா, எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"பின்னே? நீ முழிச்ச முழியைப் பாக்க சகிக்கல. இருபத்தாறு வருஷம் எரியாத பல்பைப் பிடுங்கிப் போட்டவ நான். எது அணையப்போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

கேமராக்காரி சிரிக்க முயன்றாள். நக்கலக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இப்ப துணிக்கடையில இருக்கேன். குழந்தைங்க துணி. சேர்ந்த அன்னிக்கே ஒரு பொண்ணு எனக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு, கையைப் புடிச்சுக்கிட்டு, மனசைத் தேத்திக்கோங்கம்மாங்குது. எதுக்குடின்னு நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். அப்புறம்தான் தெரியுது, உன் படம். மூணு வருஷமாச்சு தங்கச்சி, யாரும் என் பேச்சுக்குச் சிரிக்கிறதில்ல. நான் ஒரு ஜோக் சொன்னா, எவ்வளவு கஷ்டத்தை உள்ளே வச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க பாருன்னு கண்ணைத் துடைச்சுக்கறாங்க. எனக்குப் பேரே அழுகாச்சியம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுச் சங்கதி மாதிரிச் சொன்னாள். "நேரமாச்சு, பொண்ணு நிக்கிறா" என்று இறங்கிப் போய்விட்டாள். கேமராக்காரி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கழகத்துக்காரர் வந்து விளக்கை அணைக்கலாமா என்று கேட்கும் வரை எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு அவளால் வகுப்பெடுக்க முடியவில்லை. பாடம் நடத்தும்போது குரல் தன்னுடையது மாதிரி இல்லை. இரண்டு மாதம் தவித்துவிட்டு, கல்லூரியின் ஆண்டுக் கூட்டத்தில் சிறப்புரைக்குக் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். கடிதம் வந்த அன்று அந்தப் பெண்கள் சிரித்தார்கள். சத்தம் பதிவாகவில்லை. மறுநாள் நான்தான் அழவைத்தேன். மூன்று வருஷமாகப் பொய் சொன்னேன். நூலகத்தில் ஒருவர் கண்டுபிடித்துக் கேட்டபோது கூட எனக்காக அந்த அக்காதான் பொய் சொல்லிக் காப்பாற்றினார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. என்ன நேர்மை என்றார்கள். ஓர் ஆசிரியை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனவளுக்கு உடம்பே லேசாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அந்த லேசு இரண்டு நாள் நீடித்தது.

மூன்றாம் நாள் செய்தித்தாளில் வந்தது. 'அழுகையும் பொய், சாட்சியும் பொய்' என்று தலைப்பு. இரண்டு பேர் முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். விழாக் குழுவிலிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது, விளக்கம் கேட்டு. அடுத்த பருவத்துக்கு வகுப்பு வேண்டியதில்லை என்று கல்லூரியும் அதே மரியாதையோடு சொல்லிவிட்டது. அதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, நக்கலக்காவின் மகளிடமிருந்து வந்த போன்.

"கடையில எங்கம்மாவை கவுன்டர்ல இருந்து எடுத்து குடோனுக்கு அனுப்பிட்டாங்க. வாங்கின துணியை மாத்த வர்றவங்க முன்னாடி பொய் சொல்றவங்களை நிறுத்த முடியாதாம். பேப்பரைச் சுவத்துல ஒட்டாத குறை."

கேமராக்காரி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க உண்மையைச் சொன்னீங்க, சந்தோஷம். பேசுறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அன்னிக்கு நூலகத்துல அவங்க எந்திரிச்சு நின்னது உங்களுக்காக. அதையும் எடுத்து உங்க பேச்சுல வச்சுக்கிட்டீங்க."

போன் வைக்கப்பட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்பு கண்ணீரை எடுத்தாள். இப்போது பெருந்தன்மையையும் எடுத்துவிட்டாள். இரண்டு தடவையும் கைதட்டல் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனாள். இரண்டாவது மாடி, இரண்டு அறை வீடு. மகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். நக்கலக்கா தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சட்டை, பாவாடை, தலையணை உறை. தண்ணீர் வேண்டுமா என்று கூடக் கேட்கவில்லை. நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். கேமராக்காரி நாற்காலியில் உட்காராமல் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"எதுக்கு? அழ வச்சதுக்கா, பொய் சொன்னதுக்கா, உண்மையைச் சொன்னதுக்கா? எதுக்குன்னு சொல்லு."

"மூணுக்கும்."

"மொத்தமா எடுத்தா தள்ளுபடியெல்லாம் கிடையாது" என்றாள் நக்கலக்கா. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு தலையணை உறையை நான்காக மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். "ஒண்ணு தெரிஞ்சுக்கோ. வேலை போனதுக்கு நான் ஒரு சொட்டு அழல. என் கண்ணு ரெண்டும் அந்த மேசையில போயிடுச்சு, விட்டாப் போதும்னு இருந்தேன். நீ கேட்டியே, என் வீட்டுக்காரர் இருந்தா என்ன சொல்வாருன்னு. அதுக்குத்தான் அழுதேன். செத்தப்போ வீடு நிறைய ஆளுங்க, சமையலு, புள்ளைங்க. அழ நேரமில்ல. ஒரு வருஷம் கழிச்சு உன் முன்னால வந்துச்சு. அது அவருக்கு அழுதது. அதை எடுத்து பல்புக்கு அழுததா ஊர் ஊராக் காட்டிட்டே."

கேமராக்காரிக்கு இது தெரியாது. மூன்று வருஷம் அந்தக் காட்சியை நூறு தடவைக்கு மேல் பார்த்தவள். எந்த நொடியில் முகம் சரிகிறது, எந்த நொடியில் துளி விழுகிறது என்று மனப்பாடமாகத் தெரியும். யாருக்காக விழுந்தது என்பது தெரியாமலே பாடம் நடத்தியிருக்கிறாள். முகத்தை நிமிர்த்த முடியாமல் தரையின் சதுரக் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நக்கலக்கா ஒரு பாவாடையை எடுத்து உதறினாள்.

"நாங்க சிரிச்சோம்னு சொன்னியாமே. அது இருக்கா?"

"இருக்குக்கா. சத்தம்தான் இல்ல."

"காட்டு."

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து நாற்காலியின்மேல் வைத்தாள். மகளும் உள்ளறை வாசற்படியில் வந்து நின்றாள். திரையில் பரிசோதனைக் கூடம். நக்கலக்கா ஓரத்தைக் கிழிக்கிறாள், படிக்கிறாள், நிமிர்கிறாள், வாய் அசைகிறது. பிறகு அந்தச் சிரிப்பு, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் பரவுகிறது. சத்தமே இல்லாமல் முப்பத்தொரு பெண்கள் குலுங்கினார்கள். நக்கலக்கா துணியை மடியில் போட்டுவிட்டு முன்னால் குனிந்தாள்.

"என்னம்மா சொன்னே?" என்று மகள் கேட்டாள்.

"அதான் தெரியல. இன்னொரு தடவை போடு."

போட்டாள். நக்கலக்கா தன் வாயசைவைப் பார்த்துத் தானும் வாயசைத்தாள். வரவில்லை. மகளிடம் போனை வாங்கி, பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த குண்டூசிக்குப் போட்டாள். ஒல்லியாக இருந்ததால் நக்கலக்கா வைத்த பெயர்.

"ஏண்டி, லெட்டர் குடுத்த அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

ஒலிபெருக்கியில் குண்டூசியின் கீச்சுக் குரல் வந்தது. "மேனேஜர் கையெழுத்தைப் பாத்துட்டு, இது என்ன சார் ஃபியூஸ் போன கம்பி மாதிரி இருக்குன்னு கேட்டியே!"

அடுத்து எதிர் வரிசைக்காரி. எல்லோரையும் அதட்டுவதால் அவளுக்கு டீச்சர் என்று பெயர். "அதெல்லாம் இல்ல. அப்போ நாங்கெல்லாம் டெஸ்ட்ல ஃபெயிலா சார்னு கேட்டே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நக்கலக்கா போனை வைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள். இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். இரண்டுமே உதட்டோடு பொருந்தவில்லை.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டும் இல்ல. இதைவிட நல்லதா ஒண்ணு சொல்லியிருக்கேன்" என்றாள்.

மகள் படியிலேயே உட்கார்ந்து திரையில் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேமராக்காரிக்குத் தானும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை.

"அக்கா, நீங்க சரின்னா இதைப் படத்துல சேர்த்துடறேன். அந்தக் காட்சியை எடுத்துட்டு இதை வைக்கிறேன். எல்லாரும் பாக்கட்டும், நீங்க எப்படிப்பட்டவங்கன்னு" என்றாள்.

நக்கலக்கா திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ மாறவே மாட்டே இல்ல? இதை என் பொண்ணு போன்ல போட்டுக் குடு. அப்புறம் உன்கிட்ட இருக்கிறதை அழிச்சிடு. இது நாங்க சிரிச்சது. எங்ககிட்ட இருக்கட்டும்."

எடுத்த எதையும் கேமராக்காரி இதுவரை அழித்ததில்லை. சாலைக் கோட்டுப் படத்தில் வீணாய்ப் போன காட்சிகளைக் கூடப் பெட்டியில் வைத்திருக்கிறாள். ஆனாலும் மகளின் போனுக்கு மாற்றிக் கொடுத்தாள். பிறகு அவர்கள் கண்ணெதிரில் மடிக்கணினியிலிருந்து அழித்தாள். கோப்பின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. எழுந்து வாசல் வரை வந்தவள் நின்றாள்.

"வீட்ல இன்னொரு காப்பி இருக்குக்கா."

"அதையும்தான்" என்றாள் நக்கலக்கா, தலை நிமிராமல், அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்ததும் செய்திருக்கலாம். அவளுக்கு நாலு நாள் ஆயிற்று. தினமும் அந்தக் காப்பி இருந்த டிஸ்க்கை மாட்டுவாள். ஒருமுறை பார்ப்பாள். நாளைக்கு என்று கழற்றி வைப்பாள். இது வெறும் படமா, ஒரு சரித்திரம் அல்லவா என்று ஒரு நாள் தோன்றும். யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நாள் தோன்றும். அப்படித் தோன்றியதே கேவலமாக இருக்கும். ஐந்தாம் நாள் காலை, பல் கூடத் துலக்காமல் உட்கார்ந்து அழித்தாள். அழித்துவிட்டு மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். நாலு நாள் தாமதம் என்பதையும் சேர்த்தே எழுதினாள்.

மதியம் வரை பதில் இல்லை. பிறகு வந்தது.

"அம்மா சரின்னு சொல்லச் சொன்னாங்க."

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.